அறுபதில் வேலையை விடலாமா?

ரொறன்ரோவில் எங்களோடு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய அண்ணை ஒருவர் 60 வயதில் வேலையை விட்டார். முழங்கால் நோ. எங்களுக்கும் அப்படி வெள்ளனவே நிற்கத்தான் ஆசை. அவர் தன் செலவுக் கொப்பியைக் காட்டிய பிறகுதான் நாங்களும் கணக்குப் பார்த்தோம்.

கனடா ஓய்வூதியத் திட்டத்தில் 65 வயதுக்கு முந்தி எடுக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 வீதம் வெட்டு. 65இல் 100 டொலர் கிடைக்க வேண்டியவருக்கு 60இல் 64 தான். 65 ஆனாலும் அந்த வெட்டு நீங்காது. முதியோர் ஓய்வூதியமோ 65க்கு முன் இல்லை. அதுவும் முழுதாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பின் 40 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும். 31 வயதில் வந்திறங்கிய எங்களுக்கு 65இல் 40 பங்கில் 34 பங்குதான். புதிதாக வந்தவர்கள் இதை இப்போதே தெரிந்து வைத்திருங்கள்.

அண்ணை கொப்பியின் இடப்பக்கத்தில் செலவு எழுதுகிறார். வாடகை, பஸ், மருந்து. அரிசி பருப்பு அவரை வாட்டவில்லையாம். சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று கொடுத்த என்வலப்புகள் ஒரு மாதம் மருந்துச் செலவையே மிஞ்சிவிட்டன. (இதை எழுதியதற்காக இனி எங்களை ஒருவரும் கூப்பிடாமல் விடலாம்!)

வலப்பக்கத்தில் ஆசைகள். ஆங்கில வகுப்பு, பல்கனியில் மிளகாய்க் கன்று, ஊரில் தாயைப் போய்ப் பார்ப்பது. முதல் இரண்டுக்கும் சரி போட்டிருந்தது. மூன்றாவதுக்கு நேரே விமானச் சீட்டின் விலை. அதை மூன்று முறை வெட்டி எழுதியிருந்தார்.

போன மாதம் நாங்களும் ஒரு கொப்பி வாங்கினோம். முதல் கிழமையே இடப்பக்கம் நிரம்பிவிட்டது. வலப்பக்கத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.