பேச்சுக்கு ஒரு பக்கவாத்தியம்

பிரசங்கம் முடியும் தறுவாயில், போதகரின் குரல் சற்றே தாழ, சபையார் தலைகுனிந்து கண்மூடும் அந்த நேரத்தில், எந்தக் கணத்தில் தொடங்கிற்று என்று எவராலும் சொல்ல இயலாதபடி கீபோர்டின் மெல்லிய நாதம் ஒன்று எழுந்து மண்டபமெங்கும் பரவுவதை, தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்ப் பழகியவர்கள் நன்கு அறிவார்கள். பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதற்கு இலக்கணம் வகுத்தவர்கள் பலர் உண்டு. பேச்சுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் இந்தக் கலையைப் பற்றியோ, அதை வாசிப்பவர்கள்கூட வாய்திறந்து அதிகம் பேசுவதில்லை.

வழக்கம் மிகப் பழையது. மோவாபியரோடு போர்செய்யப் புறப்பட்ட மூன்று அரசர்கள் வழியிலே தண்ணீரின்றித் தவித்து வந்து நின்றபோது, எலிசா தீர்க்கதரிசி தம் வாக்கை உரைக்குமுன் வாத்தியக்காரன் ஒருவனை அழைத்துவரச் சொன்னார் என்றும், அவன் வாசிக்கையிலேயே கர்த்தருடைய கரம் அவர்மேல் இறங்கிற்று என்றும் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் கூறுகிறது. அந்த வாத்தியக்காரனின் பெயரைக் குறித்துவைக்க அதை எழுதியவருக்குத் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் இருப்போரின் கதி அன்றைக்கே நிர்ணயமாகிவிட்டது போலும்!

ஆயினும் இன்று நாம் கேட்கும் முறையின் நேர் மூதாதையரைத் தேடினால் அமெரிக்க தேசத்துக்குத்தான் போகவேண்டும். சிகாகோ நகரில் மின்சாரக் கடிகாரங்கள் செய்துவந்த லாரன்ஸ் ஹாமண்டு என்பவர், 1935இல் மின்சார ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் அதை விரும்பி ஏற்றன. நாளடைவில் கறுப்பின மக்களின் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில், டான் லெஸ்லி என்பவர் உருவாக்கிய சுழலும் ஒலிபெருக்கியோடு சேர்ந்து, அது பிரசங்க பீடத்துக்கு அடுத்த ஆசனத்தையே பிடித்துக்கொண்டது.

அச்சபைகளில் பிரசங்கம் என்பது முற்றிலும் பேச்சு அன்று. சாதாரண உரையாகத் தொடங்கி, மெல்ல மெல்லத் தாளம் பெற்று, முடிவை நெருங்கும்போது ஏறக்குறைய பாட்டாகவே மாறிவிடும் அந்த முறையை அவர்கள் ‘ஹூப்பிங்’ என்கிறார்கள். 1946 முதல் டெட்ராயிட் நகரத்து நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் போதகராயிருந்த சி. எல். பிராங்க்ளின் இதில் பேர்பெற்றவர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்து விலைபோயின. இத்தகைய பிரசங்கியார் எந்த ஸ்வரத்தில் போய் நிற்பாரென்று முன்கூட்டித் தெரியாதாகையால், ஆர்கன் வாசிப்பவர் பன்னிரண்டு ஸ்கேல்களையும் கைவசப்படுத்தியிருக்க வேண்டும். பிரசங்கியார் நின்ற சுருதியை அக்கணமே கண்டுபிடித்து, அவர் மூச்சுவாங்கும் இடைவெளியில் பளிச்சென்று ஒரு பதில் சொல்லவேண்டும். நம்மவர் பலர் ஒன்றிரண்டு ஸ்கேல்களோடு கல்வியை முடித்துக்கொண்டு சுருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை நம்பியிருப்பதை இங்கே நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

மற்றொரு கிளை, பிரசங்க முடிவில் ஜனங்களை முன்னே வரும்படி அழைக்கும் அர்ப்பணிப்பு அழைப்பிலிருந்து வந்தது. அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாமின் கூட்டங்களில் அந்த வேளையில் பாடகர் குழு தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருப்பது வழக்கமாயிருந்தது. 1956இல் சென்னைக்கும் பாளையங்கோட்டைக்கும் அவர் வந்து பிரசங்கித்ததுண்டு. ஹாமண்டு ஆர்கன் வெளிப்படையாகப் பதில் சொல்லுகிறது. அழைப்பு வேளையின் இந்த இசையோ, தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் கேட்போரின் உள்ளத்தைப் பதப்படுத்துகிறது. நம் சபைகளின் கீபோர்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது கிளையையே சார்ந்தது. ஒளிந்து நின்று வேலை செய்கிற எதுவும் சந்தேகத்துக்கு இடமானது என்பதால், சொல்லிலே சத்து இல்லாதபோது அந்தக் குறையை நாதத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும் ஆபத்து இதில் அதிகம். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் போதகர் திரும்பிக் கீபோர்டுக்காரரைப் பார்ப்பதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஆனால் கைதேர்ந்தவர்களின் வித்தையை இதனால் குறைத்துச் சொல்லலாகாது. சபையார் அறிந்த பாட்டின் மெட்டை வாசித்தால், கேட்போரின் மனம் போதகரை விட்டுவிட்டு அடுத்த அடியைத் தேடிப் போய்விடும். ஆகவே மெட்டில்லாத கார்டுகளையே அவர்கள் தொட்டுச் செல்வார்கள். அவற்றிலும் ஐந்தாம் ஸ்வரத்தின் கார்டிலிருந்து ஆதார ஸ்வரத்துக்கு வந்து அமரும் முத்தாய்ப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள்; அது விழுந்துவிட்டால் ‘முடிந்தது’ என்று காது தீர்மானித்துக்கொள்ளும், போதகருக்கோ இன்னும் பத்து நிமிஷம் பேச்சு பாக்கியிருக்கும். பேசும்போது ஆண்குரலின் ஆதார ஸ்தாயி பெரும்பாலும் வினாடிக்கு 85 முதல் 180 அதிர்வுகளுக்குள் உலவுவதால், இடக்கையின் கனத்த ஸ்வரங்களைக் குறைத்து அந்தப் பிரதேசத்தை அவருக்கே விட்டுவிடுவார்கள். நிறுத்துவதிலே இன்னும் பெரிய சூட்சுமம் இருக்கிறது. பேச்சின் இடைவெளியில் நிறுத்தினால் நின்றது எல்லோருக்கும் தெரிந்துவிடும். போதகர் நீண்ட வாக்கியமொன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போதே வால்யூமைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கையெடுத்துவிட வேண்டும். வேதவசனம் வாசிக்கப்படும்போது மாத்திரம் எவ்வித நாதமும் கூடாதென்பது என் பிடிவாதமான அபிப்பிராயம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதற்கென்று சொந்தச் சொத்து இல்லாமலும் போகவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வளர்த்த காலட்சேப மரபில், பேச்சும் பாட்டும் விரவி வர, இரண்டையும் ஒரே சுருதி தாங்கி நிற்கும். சபையார் முன்னிலையில் கூச்சமின்றி ஒலிக்கும் அந்தச் சுருதி, கண்ணீரை வரவழைக்க முயல்வதுமில்லை. ஸட்ஜ பஞ்சமத்தை மாத்திரம் பிடித்துக்கொண்டு பிரசங்கத்தின் பின்னே வாசித்துப் பார்க்கும்படி நம் இளைஞர்களிடம் யாராவது சொல்லக்கூடாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்போது வாசிப்பவரே தேவையில்லை என்னும் நிலையும் வந்துவிட்டது. ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒன்றாக, மணிக்கணக்கில் ஒலிக்கும் ‘பேடு’ பதிவுகளைக் கைபேசியில் தட்டிவிட்டால் போதும். ஸ்வரம் பிசகுவதில்லை, செலவும் மிச்சம். ஆனால், உருக்கமாகப் பேசிவந்த போதகர் திடீரென்று தம் மாமியாரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதையைத் தொடங்கினால், அந்தப் பதிவு அதே சோகத்தோடு ஒலித்துக்கொண்டேயிருக்கும். கீபோர்டு வாசிக்கும் தம்பியாக இருந்தால் முதல் வார்த்தையிலேயே கையை எடுத்துவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்திருப்பார்.