பழைய ரைபிள் வாங்கலாமா? குழலைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்தில் ஒரே இரவில் அரை ஏக்கரைக் காட்டுப்பன்றிகள் கிளறிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் வரப்பில் நிற்கும் விவசாயியின் மனம் என்ன பாடுபடும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘கையில் ஒரு துப்பாக்கி இருந்தால்’ என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. அந்த நேரம் பார்த்து, "எங்கள் அப்பா காலத்து வேட்டை ரைபிள் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டால் சபலம் தட்டுவது இயல்பு. விவசாயிகள் கூட்டங்களில் இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிய உரிமம் உள்ளவர் பழைய ரைபிள் வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், பயிரைக் காக்க ரைபிள் சரியான கருவி அல்ல. சட்டமும் பயிர்ப் பாதுகாப்புக்கு அதை ஒதுக்கவில்லை. ஏன் என்பதையும், வேறு நியாயமான காரணத்துக்காக வாங்குவோர் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் வரிசையாகப் பார்ப்போம்.

ரைபிள் வேறு, பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி வேறு

ரைபிளின் குழலுக்குள் திருகாணியின் மரை போல வரிப்பள்ளங்கள் இருக்கும். ஒற்றைத் தோட்டா அதில் சுழன்று வெளியேறுவதால் நேராகவும் வெகுதூரமும் பாயும். ‘போல்ட் ஆக்‌ஷன்’ என்பது, கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி மூடி, ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகை. பழைய வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மரை இல்லாத வழவழப்பான குழல் கொண்டவை தனி வகை. குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும், 12 போர் துப்பாக்கியும் இதில் அடங்கும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்று குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைபிள் இந்தப் பட்டியலில் இல்லை. ரைபிள் கேட்பவர், அதற்குத் தனியாக ‘நல்ல காரணம்’ இருப்பதாக அதிகாரி ஏற்கும்படி விளக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்காக ஏற்கெனவே வைத்திருக்கும் உரிமத்தைக் காட்டி ரைபிள் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் காகிதம்

பழைய டிராக்டர் வாங்கப் போனால் இன்ஜினைத் திறக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்போம். துப்பாக்கிக்கும் அதே முறைதான். பார்க்க வேண்டியவை இவை:

1. உங்கள் உரிமம். ஆயுதத்தைக் கையில் வாங்கும் முன் உரிமம் உங்கள் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை அறிக்கை பெறப்படும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் கேட்கின்றன. உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். காவல் ஆணையர் உள்ள பகுதியில் அந்த அதிகாரம் ஆணையருடையது. வண்டலூர், 2022 ஜனவரி முதல் இயங்கும் தாம்பரம் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை இந்தப் பகுதியினர் நினைவில் கொள்ளுங்கள்.

2. விற்பவரின் உரிமம். அது நடப்பில் இருக்கிறதா, அதில் எழுதியுள்ள தயாரிப்பாளர் பெயர், குழல் அளவு, ஆயுத எண் ஆகியவை இரும்பில் பொறித்ததுடன் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, புதிதாகப் பொறித்தது போலத் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்பதே குற்றம்.

3. 45 நாள் அறிவிப்பு. உரிமதாரர் ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாக விற்பதாக இருந்தால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் உரிமம் வழங்கும் அதிகாரிக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு 45 நாள் கழிந்தே கைமாற்ற முடியும். "இன்றைக்கே எடுத்துப் போங்கள், எழுத்து வேலையை அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

4. எண்ணிக்கை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகள் வரையே வைத்துக்கொள்ளலாம். உரிமத்தின் காலம் 5 ஆண்டு.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், அதே திருத்தத்தின்படி குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஒரு போகம் கடலையைக் காப்பாற்றப் போய் இரண்டு ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போடும் நிலை வரக்கூடாது.

பரணில் கிடக்கும் துப்பாக்கி

பழைய ரைபிள் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் உரிமதாரர் இறந்த பிறகுதான். பிள்ளைகளுக்கு அதில் ஆர்வம் இருக்காது, உரிமமும் புதுப்பிக்கப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட துப்பாக்கியை வாரிசுகள் வீட்டில் வைத்திருப்பதும் தவறு, நேரடியாக விற்பதும் தவறு. காலம் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம், அல்லது முறைப்படி விற்கலாம். உங்களிடம் விற்க வருபவர் இந்த ரசீதைக் காட்ட முடியவில்லை என்றால் விலை பேசவே வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணிலேயே அப்படி ஒன்று இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக அதைக் கவனியுங்கள்.

தோட்டா கிடைக்குமா?

குழல் அளவு தெரியாமல் ரைபிளுக்கு மதிப்புச் சொல்ல முடியாது. நம் நாட்டில் தனியாரிடம் அதிகம் காணப்படுவது .315 அளவு. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை லீ என்ஃபீல்டு அமைப்பைத் தழுவித் தயாரித்த ரைபிள் இது. இதன் தோட்டா உள்நாட்டிலேயே தயாராகிறது.

.303 அளவு அப்படியல்ல. .303, 7.62 மி.மீ. ஆகிய ராணுவத் தோட்டாக்களை ஏற்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்கள் தடை செய்யப்பட்ட அளவில் வருகின்றன. சாதாரண உரிமத்தில் அவற்றை வாங்க முடியாது. பார்வைக்கு .315 ரைபிளும் .303 ரைபிளும் அண்ணன் தம்பி போல இருக்கும் என்பதால், குழலில் பொறித்த அளவை நீங்களே படித்துப் பாருங்கள்.

மூன்றாவது வகை, ஆங்கிலேயர் காலத்து வெளிநாட்டு ரைபிள்கள். ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி போன்ற பெயர்களுக்கு இன்றும் மவுசு உண்டு. 1980களுக்குப் பிறகு இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால் விலையும் ஏறியிருக்கிறது. ஆனால், தோட்டா கிடைக்காத ரைபிள் வெறும் இரும்புத் தடிதான். வாங்கும் முன் உரிமம் பெற்ற கடையில், "இந்த அளவுத் தோட்டா இருக்கிறதா, தொடர்ந்து வருமா?" என்று கேட்டுவிடுங்கள். அருகருகே உள்ள அளவுதானே என்று வேறு தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

இரும்பில் என்ன பார்க்க வேண்டும்?

தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.

குழலின் ஒரு முனையில் வெள்ளைத் தாளைப் பிடித்து, மறுமுனை வழியாகப் பாருங்கள். மரை தெளிவாகவும் பளிச்சென்றும் தெரிய வேண்டும். கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது துரு தின்ற குழி. பழைய தோட்டாக்களின் தீக்குப்பியில் இருந்த ரசாயனம், சுட்ட பிறகு உப்பாகக் குழலில் தங்கிவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். கடற்காற்று வீசும் சென்னை, செங்கல்பட்டுப் பகுதிகளில் கவனிப்பின்றிக் கிடந்த துப்பாக்கிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குழலுக்குள் மோதிரம் போன்ற நிழல் வட்டம் தெரிந்தால், எப்போதோ அடைப்புடன் சுட்டுக் குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதை வாங்கவே கூடாது.

குழலின் வாய் விளிம்பில் நசுங்கலோ வெட்டோ இருக்கக்கூடாது. இருந்தால் குறி தவறும். போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடல் பகுதியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு ரைபிளின் போல்ட்டைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தால், தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மாறியிருக்கலாம். இடைவெளி கூடினால் சுடும்போது தோட்டாக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தில் அடிக்கும். இதை அளக்கத் தனி அளவுகோல் தேவை. கண்ணால் சொல்ல முடியாது.

மரக்கட்டையில், போல்ட்டுக்குப் பின்னால் கைபிடிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு விசையைப் போட்டபின் டிரிகர் அசைந்தாலும் ஊசி விடுபடக்கூடாது. புதிதாகக் கறுப்புச் சாயம் ஏற்றி மின்னுகிற துப்பாக்கி என்றால் இன்னும் கூர்ந்து பாருங்கள். கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவிச் சந்தைக்கு ஓட்டி வருவதை நாம் பார்க்காததா? கடைசிச் சொல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவருடையதாக இருக்கட்டும். அவர் எழுதித் தந்த பிறகே பணம் கொடுங்கள்.

வண்டலூரில் சுட்டால் எங்கே விழும்?

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வேட்டை ரைபிளின் தோட்டா குறி தப்பினால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கூடப் பாயக்கூடியது. வண்டலூர், நெடுங்குன்றம், கொளப்பாக்கம், ஊனமாஞ்சேரிப் பக்கம் மிஞ்சியிருக்கும் வயல்களில் நின்று ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். ஒரு புறம் காப்புக்காடும் உயிரியல் பூங்காவும், மறுபுறம் ஜி.எஸ்.டி. சாலை, வெளிவட்டச் சாலை, கிளாம்பாக்கம் பேருந்து முனையம், அடுக்குமாடிக் குடியிருப்புகள். இருட்டில், சமதரையில், அசையும் பன்றியைக் குறிவைக்கும் தோட்டா எந்த வீட்டு ஜன்னலில் போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கு. துப்பாக்கி உரிமம் என்பது வேட்டைக்கான அனுமதி ஆகாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையில் இருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் மட்டுமே சுடலாம்; அதையும் செய்ய வேண்டியவர்கள் வனத்துறையினர். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின் பேரில் உரிமதாரர்கள் சுடும் முறை இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு இங்கே யாரும் துப்பாக்கியைத் தூக்கிவிட வேண்டாம். காட்டை ஒட்டிய வண்டலூர் வயலில் ரைபிள் வைத்திருப்பவருக்கும், வைத்திருக்காதவருக்கும் பன்றி விஷயத்தில் உரிமை ஒன்றுதான்.

அந்தப் பணத்தில் என்ன செய்யலாம்?

ரைபிளின் விலை, பயிற்சி, பழுதுபார்ப்பு, தோட்டா, பூட்டிய பெட்டி, புதுப்பிப்பு, ஒவ்வொரு தேர்தலின்போதும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் அலைச்சல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதே தொகை வேலிக்குப் போனால் இரவில் நீங்கள் தூங்கலாம்.

பன்றி தாண்டுவதைவிட முட்டியும் தோண்டியும் நுழையும் விலங்கு. எனவே வேலியின் கீழ்ப்பகுதிதான் முக்கியம். கம்பி வலை என்றால் அடிப்பகுதியை ஓர் அடி மண்ணுக்குள் புதையுங்கள். சூரிய மின்வேலி என்றால் முதல் கம்பி தரையில் இருந்து ஓர் அடிக்குள் இருக்கட்டும். கம்பியில் களை படாமல் வெட்டி வாருங்கள், பட்டால் மின்துடிப்பு மண்ணில் இறங்கிவிடும். காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலி போடும் முன் வனத்துறையைக் கேளுங்கள். மானியம் பற்றி வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள். மின்கம்பத்தில் இருந்து நேரடியாகக் கொக்கி போடுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் மனித உயிரையே வாங்கும் குற்றங்கள்.

மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு வரிசைகள் விதைப்பது பன்றியின் வரத்தைக் குறைக்கும். பக்கத்து நிலத்தாருடன் பேசி ஒரே சமயத்தில் விதைத்து, முறை வைத்துக் காவல் இருங்கள். சேதம் நேர்ந்தால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். மனுக்கள் பதிவானால்தான் வனத்துறை உங்கள் ஊருக்கு ஆள் அனுப்பக் காரணம் கிடைக்கும், இழப்பீட்டுக்கும் அதுவே ஆதாரம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்பாக்கி வாங்க யோசனை கேட்கும் விவசாயியை "அதெல்லாம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடாதீர்கள். நிலம் காட்டில் இருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தப் பயிர், பன்றி எந்தப் பக்கம் நுழைகிறது என்று கேட்டு, மனுவை எழுதிக் கொடுங்கள். பழைய ரைபிளைத் தேடிப் போகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த உதவிதான்.