சொல் ஒன்று, பொருள் இரண்டு

டில்லிக்குப் படிக்க வரும் நம் தமிழ் மாணவர்களுக்கு ஆங்கிலம் போதாது என்று ஒரு குறை எப்போதும் கூறப்படுகிறது. அது முழு உண்மையன்று. கல்வியைப் பற்றிய ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவற்றை அவர்கள் பள்ளி நாளிலேயே அறிவார்கள். அறிந்த சொல்லே இங்கு வேறு பொருளில் வழங்குவதுதான் தொல்லை. அறியாத சொல்லாயின் யாரையேனும் கேட்போம். அறிந்த சொல்லுக்கு யார் பொருள் கேட்பார்?

கரோல் பாக்கில் நான் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுதோறும் சேர்க்கை நாட்களில் ஊரிலிருந்து வரும் நண்பர் சிலர் என் அறையில் தங்குவது வழக்கம். அவர்களை இடறிவிட்ட சொற்கள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘அரியர்’. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதற்கு விளக்கம் வேண்டா. தேறாமல் நின்ற பாடம். டில்லிப் பல்கலைக் கழகத்து மாணவர் அதை ‘பேக்’ என்பர். மதிப்பெண் பட்டியலில் அது ‘ஈ.ஆர்.’ என்று வரும். ‘எஸென்ஷியல் ரிபீட்’, அதாவது கட்டாயம் மீண்டும் எழுதவேண்டியது என்று பொருள். கரோல் பாக்கிலோ அரியர் ஒரு மங்கலச் சொல்! இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் மத்திய சர்க்கார் உத்தியோகத்தை நம்பி வந்து குடியேறியவை. அகவிலைப்படி உயர்ந்து, பழைய மாதங்களுக்குரிய தொகை சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் அரியர்ஸ். என் நண்பர் ஒருவர் வீட்டுக்கார மாமாவிடம், “எனக்கு மூன்று அரியர் இருக்கிறது, மாமா” என்று துயரத்தோடு சொன்னார். “அடடே, எவ்வளவு வரும்?” என்றார் அவர்.

‘கட்-ஆப்’ என்பதும் இப்படியே. பொறியியல் சேர்க்கைக்காகக் கணிதத்தை 100-க்கும், பௌதிகம், இரசாயனம் இரண்டையும் ஐம்பது ஐம்பதுக்கும் கொண்டு 200-க்குக் கணக்கிட்டு வரும் எண்ணே ஊரில் ஒரு மாணவனுடைய கட்-ஆப். “உன் கட்-ஆப் என்ன?” என்று உறவினர் அனைவரும் கேட்பர். டில்லியில் கட்-ஆப் மாணவனுடையதன்று, கல்லூரியுடையது. இதற்குக் கீழே இடமில்லை என்று கல்லூரி போடும் கோடு அது. 2021-ல் சில கல்லூரிகள் சில படிப்புகளுக்கு அந்தக் கோட்டை 100 விழுக்காட்டிலேயே போட்டுவிட்டன. 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. பழைய சொல் மட்டும் வாயில் நிற்கிறது.

உண்மையாகவே வருந்தத்தக்கது சான்றிதழ் விஷயம். சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவர், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்று காட்டும் தம் சாதிச் சான்றிதழைப் பத்திரமாக உறையிலிட்டுக் கொணர்ந்தார். இங்கே கேட்டதோ, மத்திய சர்க்கார் படிவத்தில் ‘ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர்’ சான்றிதழ். அச்சொல்லையே அவர் கேட்டதில்லை. கேட்டிருக்கவும் வழியில்லை. தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டில் ‘கிரீமி லேயர்’ என்ற பாகுபாடு கிடையாது. மத்திய ஒதுக்கீடாகிய 27 விழுக்காட்டிலோ அது உண்டு. 1992-ல் மண்டல் வழக்கில் உச்சநீதி மன்றம் அளித்த தீர்ப்பின் விளைவு அது. இப்போதைய வருமான வரம்பு ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய். பெற்றோரின் சம்பளமும் வேளாண்மை வருமானமும் அக்கணக்கில் சேரா. இதைப் பலர் அறியார். மாநிலப் பட்டியலில் உள்ள சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று தனியே பார்க்கவும் வேண்டும். எனவே ஊரை விட்டுப் புறப்படுமுன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் பெற்றுக்கொள்வது நலம். ஆயிரம் மைலுக்கு அப்பால் அமர்ந்துகொண்டு தந்தையைத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கவிடுவது மகிழ்ச்சி தரும் காரியமன்று. அதுபோலவே ‘மைகிரேஷன் சர்டிபிகேட்’ வேறு, பள்ளியில் கொடுக்கும் டி.சி. வேறு; முன்னதை வழங்குவது அரசுத் தேர்வுகள் இயக்ககம்.

வேடிக்கைக்காகச் சிலவற்றையும் சொல்லலாம். ‘மெட்ரிக்’ என்றால் வடநாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு. நமக்கோ மெட்ரிகுலேஷன் என்பது ஒருவகைத் தனியார் பள்ளி. ஆக்ஸ்போர்டிலோ பல்கலைக் கழகத்தில் மாணவராகச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு. பூசா ரோட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் நம்மோடு தமிழில்தான் பேசுகிறார்கள். ஆயினும் நம் ‘மாடல் எக்ஸாம்’ அவர்களுக்கு ‘ப்ரீ-போர்ட்’. நாம் ‘பை-ஹார்ட்’ செய்வதை அவர்கள் ‘ரட்டா’ அடிக்கிறார்கள். பின்னது இந்தி, முன்னதை நாம் வழங்குகிற விதம் ஆங்கிலேயனுக்கும் புரியாது.

‘பி.ஜி.’ என்ற எழுத்துக்களைக் கரோல் பாக்கில் கம்பந்தோறும் காணலாம். முதுகலை வகுப்புக்கு இத்தனை விளம்பரமா என்று வியக்கவேண்டா. காசு கொடுத்துத் தங்கும் விடுதி அது. சென்னையிலும் இப்பொருள் பரவிவிட்டது எனினும், சிற்றூரிலிருந்து வருபவருக்கு இது புதிது.

இறுதியாக ‘லைப்ரரி’. பல்கலைக் கழக நூலகத்தை மனத்தில் கொண்டு இங்கே ஒரு லைப்ரரிக்குள் நுழைந்தால் திகைப்பே மிஞ்சும். புத்தகம் இராது. மாத வாடகைக்கு ஒரு நாற்காலி, தடுப்பு வைத்த ஒரு மேசை, விளக்கு, குளிர்சாதனம். புத்தகம் நாம் கொண்டுபோகவேண்டும். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர்கள் கரோல் பாக்கிலும், அதை அடுத்த பழைய ராஜேந்திர நகரிலும் நெருங்கி வாழ்கிறார்கள். சிறிய அறையில் மூவராக இருந்துகொண்டு படிக்க இயலாததால் இந்த இருக்கைகளை நாடுகிறார்கள். வாடகை குறைவாக வேண்டுமாயின் தரைக்குக் கீழே உள்ள தளத்துக்குச் செல்லவேண்டும். 2024 ஜூலை 27-ஆம் நாள் மாலை பெய்த மழையில், பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் கீழ்த்தளத்துக்குள் தெருவெள்ளம் புகுந்து மாணவர் மூவர் இறந்தனர். மாணவர்கள் லைப்ரரி என்று அழைத்த அந்த இடத்துக்கு அனுமதி பெற்றிருந்தது வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவுமே. அதன்பின் நகராட்சியினர் இப்படிப்பட்ட கீழ்த்தளங்கள் பலவற்றுக்கு முத்திரையிட்டனர்.

இப்போது புதிய நண்பர்களோடு இருக்கை தேடிப் போகும்போது நான் வாடகையைக் கடைசியாகத்தான் கேட்கிறேன். எத்தனையாவது தளம், வெளியே வர எத்தனை வழி, கதவு விரல்ரேகை வைத்தால்தான் திறக்குமா என்று முதலில் கேட்பேன். கடைக்காரர்களுக்கு இக்கேள்விகள் பிடிப்பதில்லை.