காவிரிக் கரையில் மறைந்த கடல்

ஒரத்தநாட்டில் மண்ணுக்குக் குறைவில்லை, கல்லுக்குத்தான் பஞ்சம். தஞ்சைப் பெரிய கோவிலுக்கே கல் வெளியூரிலிருந்துதான் வந்தது. ஆகையால், மணமேட்டிலிருந்து கொண்டுவந்த கரும்பச்சைக் கல் ஒன்றை நாம் வகுப்பில் வைத்தபோது பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்தார்கள்.

"இது ஒரு சமுத்திரத்தின் அடித்தளம்" என்றோம்.

"மணமேடு திருச்சிக்கு மேற்கே அல்லவா, ஸார்? அங்கே ஏது கடல்?" என்றான் ஒருவன்.

நியாயமான கேள்விதான். கடலடியில் பூமி பிளந்து, உருகிய குழம்பு மேலெழுந்து இறுகிப் புதிய தரையாகிறது. அதற்கு ஓர் அடுக்கு ஒழுங்கு உண்டு. அடியில் பூமியின் உட்பகுதியைச் சேர்ந்த கனத்த பச்சைக் கல். அதன்மேல் மெல்ல ஆறிய 'காப்ரோ'. அப்பால் சுவர் சுவராக நிற்கும் கரும்பாறை. பின்னர் நீர் பட்டதும் தலையணைபோல் உருண்டு இறுகிய எரிமலைக் குழம்பு. எல்லாவற்றுக்கும் மேல் கடல் வண்டல்.

இரண்டு கண்டங்கள் நெருங்கும்போது இடையிலுள்ள கடல்தரை பூமிக்குள் அமிழ்ந்துபோகிறது. கதவிடுக்கில் அகப்பட்ட புடவைத் தலைப்பைப் போல, அதில் ஒரு துண்டு மட்டும் சில இடங்களில் மேலே தங்கிவிடுகிறது. இத்தகைய கல்லுக்கு 1813-ல் பிரெஞ்சு அறிஞர் பிரோன்யார் 'பாம்புக் கல்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டார். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இமயத்தில் மூடிய டெதிஸ் கடலுக்கு, லடாக்கிலுள்ள இத்தகைய பாறைகளே சாட்சி.

மணமேட்டுப் பாறைகளையும் அவ்வாறே கடல்தரையின் சிதறல் என்று, 2010-ம் ஆண்டை ஒட்டி ஹைதராபாத் தேசியப் பூபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் முதலிய அறிஞர்கள் விளக்கினார்கள். கல்லினுள் இருக்கும் சிர்க்கான் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு கணக்கிட்டதில், வயது சுமார் 75 கோடி ஆண்டு! மொஸாம்பிக் சமுத்திரம் என்ற அக்கடல், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலக்காடு–காவிரிப் பகுதியில் மூடிற்று என்பது அவர்கள் கருத்து. கடல் மூடிய கோடு வேறிடம் என்று வாதிப்போரும் உண்டு.

வழக்கு இன்னும் முடியவில்லை. சாட்சிகள் பத்திரமாக இருக்க வேண்டும். அடுக்கு குலையாமல் நிற்கும் பாறையே பேசும். உடைத்து ஜல்லியாக்கிய பின் அது எந்தக் கடலைப் பற்றிச் சொல்லும்?

"இந்தக் கல்லுக்கு மேலேயும் கீழேயும் என்ன கல் இருந்தது, ஸார்?" என்றான் அதே பையன்.

நாம் அதைக் குறித்துக்கொண்டு வரவில்லை. சற்று வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த முறை கல்லைப் பிள்ளைகளிடம் கொண்டுவரப் போவதில்லை. பிள்ளைகளையே கல்லிடம் அழைத்துப் போவதென்று தீர்மானித்தோம்.