குதிரையில்தான் கூலி போகிறது

செஸ் செட் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது, புறக்கோட்டையில் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் சீனத்துப் பிளாஸ்டிக் காய்கள்தான். அந்த விலையோடு மோதி யாரும் பிழைக்க முடியாது. ஆனால் கைவேலைச் செட்டுக்கு வேறு வாடிக்கையாளர் இருக்கிறார். தென்பகுதி ஹோட்டல் ஒன்றிலிருந்து 12 செட்டுக்கு எனக்கு ஓடர் வந்தது. மரமும் பித்தளையும் கலந்திருக்க வேண்டும், பார்த்தவுடன் இலங்கைச் சாமான் என்று தெரிய வேண்டும் என்றார்கள். மொரட்டுவையில் ஒரு கடைசல் பாஸையும், பிலிமத்தலாவையில் ஒரு பித்தளை வேலைக்காரரையும் பிடித்து வேலையைத் தொடங்கினேன்.

முதலில் கூலிக் கணக்கு. ஒரு செட்டில் 32 காய்கள். அதில் 28 கடைசலில் உருண்டு வந்துவிடும். கோட்டைக்கும் மந்திரிக்கும் பிறகு சின்ன வெட்டு வேலை உண்டு, அவ்வளவுதான். மிச்சம் நான்கும் குதிரை. தலை, பிடரி, காது, பல் எல்லாம் உளியால் செதுக்க வேண்டும். கைவேலைச் செட்டுக்குப் பேர்போன அமிர்தசரஸில் குதிரை செதுக்குவதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். வாங்குபவனும் முதலில் குதிரையைத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறான்.

இன்று எல்லோரும் செய்வது 1849இல் லண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டாண்டன் வடிவம். பதிவு செய்தவர் நத்தானியல் குக், செய்து விற்றது ஜேக்ஸ் கம்பனி. பெயர் மட்டும் ஹோவர்ட் ஸ்டாண்டன் என்ற பிரபல ஆட்டக்காரருடையது. விளம்பரத்துக்கு ஆள் பிடிப்பது நேற்று வந்த வித்தையல்ல!

அதற்கும் முன்னால் வேறொரு வடிவம் இருந்தது. ஈரானின் நிஷாபூரில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் நியூயோர்க் மெட்ரோபொலிடன் நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றில் குதிரைக்குத் தலையே கிடையாது. ஒரு கூம்பும் முன்னால் சின்ன மூக்கும்தான். இன்று மந்திரி நிற்கும் இடத்தில் அன்று நின்றது யானை, அரபியில் ஃபீல். அதற்கும் இரண்டு கொம்பு போல் நீட்டி விட்டிருக்கிறார்கள். உருவம் இல்லாவிட்டாலும் பார்த்தவுடன் காய் எதுவென்று தெரியும். நம் கணக்கில் பார்த்தால் இது கூலி குறைந்த வடிவம். ஹோட்டல்காரருக்குப் படத்தைக் காட்டினேன். ஆறு செட் இந்த மாதிரி, ஆறு செட் குதிரைத் தலையோடு, இரண்டுக்கும் வெவ்வேறு விலை என்று பேசி முடித்தோம்.

மரத்தில் கவனம் வேண்டும். வெள்ளைப் பக்கத்துக்குப் பலா நல்ல மஞ்சளாக வரும், ஆனால் நாள் போகப் போகக் கபில நிறமாகிவிடும். பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே மருந்தடித்துப் பதப்படுத்திய ரப்பர் மரம் எடுத்தோம். கறுப்புக்குக் கித்துள், நார் எழும்பும், உளி கூராக இருக்க வேண்டும். கருங்காலி கேட்டு யாரும் அலைய வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட மரம். வெளிநாட்டுக்கு அனுப்புவோர் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரோஸ்வூட் இனம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் பட்டியலுக்குள் வந்து, இந்தியக் கைவேலைக்காரர்கள் பத்திரங்களுக்கு அலைந்தார்கள். 2019இல்தான் ஒரு பொதியில் அந்த மரம் 10 கிலோ வரை உள்ள முடிந்த பொருட்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

ஒரு பக்கம் பித்தளை, மறுபக்கம் மரம் என்று செய்யலாமே என்று ஹோட்டல்காரர் கேட்டார். பார்க்க அழகுதான், ஆனால் கையில் எடுத்தால் ஒன்று கல், ஒன்று பஞ்சு. இரு பக்கத்துக்கும் ஒரே நிறையில் பித்தளை அடி, மேலே மரம் என்று முடிவெடுத்தோம். அந்தப் பொருத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது. மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும்; பித்தளை அதற்கு அசையாது. பித்தளை முளையை மரத்துக்குள் இறுக்கினால், ஏசி அறையில் மரம் சுருங்கி வெடிக்கும். மரத்தில் முளை விட்டு, பித்தளைக் கிண்ணத்துக்குள் மயிரிழை இடைவெளியோடு இறக்கி, இளகும் பசை போட வேண்டும். கடற்கரை உப்புக் காற்றில் பித்தளை கறுக்காமலிருக்க மேலே தெளிவான லெக்கர்.

அளவு இப்படி: குதிரைத் தலைச் செட்டில் ராஜா 75 மில்லிமீற்றர் உயரம், அடி 35. அடி கட்டத்தில் முக்கால் பங்கை நிரப்ப வேண்டும் என்பது வழக்கம், ஆகவே கட்டம் 46. எட்டுக் கட்டம் 368, இரு பக்கமும் 20 விளிம்பு சேர்த்துப் பலகை 408. மற்றச் செட்டின் காய்கள் கட்டை, ஆனால் அடி அதேதான், பலகையும் அதேதான்.

நிஷாபூர் மாதிரி ஆறு செட்டும் இந்த மாதம் கைக்கு வருகின்றன. குதிரைத் தலைகளுக்குப் பாஸ் இன்னும் ஆறு கிழமை கேட்கிறார். 24 தலைகள், நான் அவசரப்படுத்தவில்லை.