விளக்கும் பனியனும்

கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் சுமந்து வந்த காஸ் லைட்டை வயது முதிர்ந்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் தொங்கிக்கொண்டு வெள்ளொளியைப் பொழிந்த சிறு பை ஒன்று அதில் உண்டல்லவா? மாண்டில் என்று அதற்குப் பெயர். தொட்டால் உதிர்ந்துவிடும் அந்தப் பை, ஆதியில் பின்னல் துணி. திருப்பூரில் பனியன் துணியை வட்ட யந்திரத்தில் குழாயாகப் பின்னுகிறார்களே, அவ்விதமே நூலைக் குழாயாகப் பின்னி, ரசாயன உப்பு நீரில் தோய்த்து உலர்த்திவிடுவார்கள். முதல் தடவை கொளுத்தியதும் நூல் எரிந்துபோகும். பின்னலின் உருவம் மட்டும் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பல்தான் ஒளிவிடுவது. சென்ற தலைமுறையின் இரவுகளைப் பகலாக்கியது எரிந்துபோன ஒரு பனியன் என்று நாம் சொன்னால் திருப்பூர்வாசிகள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இதைக் கண்டவர் வியன்னா நகரத்து ரசாயன சாஸ்திரி காரல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக். 1879இல் எடிஸன் கரி இழை மின்விளக்கை எரியவிட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் மின்சாரக் கம்பி எட்டாத ஊர்களுக்கு அதனால் என்ன பயன்? 1885இல் வெல்ஸ்பாக் தம் முதல் மாண்டிலுக்கு உரிமை பெற்றார். அது பச்சை பாய்ந்த ஒளி தந்தது; எளிதில் உடைந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. அவர் விடவில்லை. 1891இல் தோரியம் நூற்றுக்கு 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்ற கணக்கைக் கண்டுபிடித்தார். தோரியம் தனித்து நின்றால் ஒளி மங்கல். சீரியம் அதிகமானாலும் மங்கல். குழம்புக்கு உப்புப்போல அந்த ஒரு பங்கு! பெர்லின் நகரிலிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்து நம் திருவிழாக்களைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பின்னர்.

தோரியத்துக்கு எங்கே போவது? விடை நம் வாசலிலேயே கிடந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் சோதித்துப் பார்த்தார். அது மோனசைட்! தோரியமும் சீரியமும் அடங்கிய மணல். அது கிடந்த இடம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. இன்று நமது கன்னியாகுமரி மாவட்டம். முதல் உலக யுத்தம் மூண்டதும் ஜெர்மானியர் கையிலிருந்து அந்தத் தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இரண்டு கைகளாலும் மணல் கப்பலேறியது. நமக்கு மாண்டில் விலைக்கு வந்தது. பஞ்சு போய்த் துணி வந்த கதையை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. மணலைப் பிரிக்கும் வேலையைச் சுதந்திர இந்தியாவின் அரசே ஏற்று, 1950இல் இந்திய அருமண் நிறுவனத்தை அமைத்தது.

நிற்க. கோயமுத்தூர்ச் சீமைக்கு மின்சாரம் வந்தது பைக்காராவினால். 1929இல் தொடங்கிய அந்த வேலையில், நீலகிரி நீர் மூவாயிரம் அடிக்கு மேல் வீழ்ந்து சக்கரங்களைச் சுழற்றும்படி செய்தார்கள். சென்னை மாகாண மின்சார இலாகாவின் தலைமை என்ஜினீயர் ஹென்றி ஹோவர்ட் அதற்குப் பொறுப்பாக நின்றார். 1930களில் இச்சீமையில் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்ததற்குக் காரணம் அந்த நீர்வீழ்ச்சியே. ஆலைக்கு மின்சாரம் வந்தால் இரவு ஷிப்டும் வரும். இரவில் துணியைப் பார்த்துத் தீரவேண்டிய அவசியமும் கூடவே வரும்.

இங்கேதான் திருப்பூரின் தலைவலி. பட்டுக்கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் பெரிய விஞ்ஞானிகள் என்பதை அவர்களே அறியார். பனியனின் உடல் துணி ஒரு லாட்டில் சாயமேறுகிறது. கழுத்து ரிப் வேறொரு லாட்டில். இரண்டும் பகலில் ஒரே நீலம். கடையின் குழல்விளக்கில் பார்த்தாலோ ஒன்று செந்நீலம், மற்றது பசுநீலம்! சாயங்கள் வெவ்வேறாயிருந்து ஒரு ஒளியில் மட்டும் ஒத்துப்போவதால் வரும் விபரீதம் இது. ஷேடு ஒவ்வவில்லை என்று சரக்குத் திரும்பினால் மறுபடியும் சாயம், உப்பு, தண்ணீர். நொய்யலைக் கெடுத்த கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊரில், ஒரு துணியை இரண்டு முறை சாயமேற்றுவது சாமானிய விஷயமா?

வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார் என்பது ஐரோப்பியச் சாயக்காரர்களின் பழைய விதி. அங்கே நடுப்பகல் சூரியன் வடக்கே வருவதில்லை. திருப்பூரோ 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு நான்காம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்தே நிற்கிறான். ஆகையால் இரவல் விதி இங்கே பலிக்காது. 1913இல் அமைந்த சர்வதேச ஒளியியல் ஆணையம் 1960களில் டி 65 என்ற பகலொளி அளவை வகுத்தது. சாயப்பட்டறையில் சாம்பல் நிறம் பூசிய பெட்டிக்குள் எரிவது அதைப் பின்பற்றிய விளக்கு. அதன் பக்கத்தில் டி.எல். 84 என்று இன்னொன்று. இது ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று குறுகிய பட்டைகளிலேயே பெரும்பாலான ஒளியைத் திரட்டினால் போதும் என்று 1971இல் அமெரிக்காவில் தார்ன்டனும், ஹாலந்தில் கோடம், ஆப்ஸ்டெல்டன் இருவரும் கணக்கிட்டுக் கூறினர். 1974இல் வெர்ஸ்டெகன் அதற்கான ஒளிர்பொடிகளைச் செய்தார். பச்சைப் பொடியில் இருந்தது என்ன தெரியுமா? டெர்பியமும், நம் பழைய நண்பர் சீரியமும்!

சீரியம் அத்துடன் நிற்கவில்லை. நீல ஒளி உமிழும் டையோடுக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்களே, அந்த நீலத்தின்மேல் சீரியம் கலந்த மஞ்சள் பொடியைப் பூசித்தான் இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கு பிறக்கிறது. மின்சாரச் செலவு குறைந்தது மெய். ஆனால் வெள்ளைப் பனியனுக்கு மட்டும் ஒரு வஞ்சனை. அதைப் பளீரென்று காட்ட ஏற்றும் வெண்மைப் பொருள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவது. சாதாரண எல்.இ.டி.யில் அந்தக் கதிர் அநேகமாய் இல்லை. ஆகவே வெயிலில் மின்னிய பனியன் கடைக்குள் சற்றே வாடித் தோன்றுகிறது. சாயக்காரர் பேரில் குற்றமில்லை. விளக்கைப் போய் யார் கேட்பது?

சர்வதேச ஆணையம் 2018இல் எல்.இ.டி. விளக்குகளுக்கும் அளவுகள் வெளியிட்டுவிட்டது. பெரிய ஆலைகள் பெட்டியையே மாற்றிக்கொள்ளலாம். நாலு தையல் மெஷினும் ஒரு செக்கிங் மேஜையும் வைத்துக்கொண்டு பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் சிறு கூடத்தில், உத்தரத்தில் தொங்கும் ஒற்றைக் குழல்விளக்கின் கீழ்தான் இன்னமும் ஒரு பெண் கழுத்தையும் உடலையும் சேர்த்துவைத்து நிறம் பார்க்கிறாள்.