பணிக்கரின் கட்டங்கள்

மாதேசுவர மலைக்குச் செல்லும் பாதையில் அமைந்த ஹனூர், 1956-ஆம் ஆண்டில் மைசூர் ராஜ்யத்தோடு சேரும் வரையில், கொள்ளேகால் தாலுகாவின் ஏனைய ஊர்களைப் போலவே கோயமுத்தூர் ஜில்லாவுக்கு உட்பட்டிருந்தது. அந்தக் கோயமுத்தூரில் 1911-இல் பிறந்தவரே, தென்னாட்டு நவீன சித்திரக்கலைக்குத் தனி வழி வகுத்த கே. சி. எஸ். பணிக்கர் என்பதை இப்பகுதியினர் உரிமையோடு நினைவுகூரலாம்.

தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்து, பிறகு சென்னைக் கலைப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, 1957-இல் அப்பள்ளிக்கே பிரின்ஸிபாலாக அமர்ந்த பணிக்கர், மனித உருவங்களையும் இயற்கைக் காட்சிகளையும் நெடுங்காலம் தீட்டி வந்தவர். 1963-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மாணவனுடைய கணக்கு நோட்டின் பக்கம் அவர் கண்ணில் பட்டது. இலக்கங்களும் எழுத்துக்களும் கோடுகளும் நெருங்கிக் கிடந்த அந்தத் தாள் தந்த தூண்டுதலில்தான் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசை பிறந்தது.

ஒளி மிகுந்த வர்ணப் பரப்பின்மேல், ஜாதகக் கட்டங்களை ஒத்த சதுரங்களும், யந்திரத் தகட்டை நினைவூட்டும் முக்கோணங்களும் வட்டங்களும், மலையாள லிபியின் சாயலில் வரிவரியாகச் சிற்றெழுத்துக்களும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. அவ்வெழுத்துக்களை வாசித்துப் பொருள் காண இயலாது. பொருளை விட்டு நீங்கிய அவை, வடிவத்தின் லாவண்யத்தாலும் வர்ணங்களின் இசைவாலுமே நம் சித்தத்தைக் கவர்கின்றன.

இதனை ஐரோப்பிய அருவ ஓவியத்தின் நகல் என்று கூறுவோரின் கூற்றை நான் ஒப்பவில்லை. 1915-இல் கறுப்புச் சதுரத்தைக் காட்சிக்கு வைத்த மாலெவிச்சும், நேர்கோடுகளையும் மூல வர்ணங்களையும் தவிர மற்றவற்றை விலக்கிய மோந்திரியானும் உலகப் பொருள்களைத் துறந்து வடிவத்தை அடைந்தார்கள். பணிக்கரோ, பிறப்பையும் விவாகத்தையும் கட்டம் பார்த்தே நிச்சயித்த ஒரு ஜன சமூகத்தின் அச்சமும் ஆசையும் படிந்த வடிவங்களையே எடுத்துக்கொண்டு சித்திரமாக்கினார். ஐரோப்பாவை அவர் நேரில் கண்டவர். கண்ட பின்னும் தம் வீட்டுச் சுவடியையே நாடினார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

1966-இல் அவர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் எழுந்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், பத்திக் துணிகள் முதலிய கைவினைகளை விற்று ஜீவனத்துக்கு வழி செய்துகொண்டு, கலையைச் சந்தைக்கு அடிமையாக்காமல் இளைஞர்கள் வரைந்தார்கள். மைசூரில் பிறந்த எஸ். ஜி. வாசுதேவ் அவர்களுள் ஒருவர்; பின்னாளில் பாரிஸுக்குச் சென்று வடிவக் கணிதத்தையே தம் வாழ்நாள் விசாரமாகக் கொண்ட விசுவநாதனும் ஒருவர்.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களுக்கென்றே திருவனந்தபுரம் மியூஸிய வளாகத்தில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அந்தப் பக்கம் செல்லும் வாசகர்கள், எழுத்தைப் படிக்க முயலாமல், அங்கே சற்று நேரம் நின்று பார்த்து வர வேண்டுகிறேன்.